மேல்கம்பில் கட்டிய நாடா

அது ஒரு சப்பாத்து நாடா. மண்ணிறம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட, நடுவில் ஒரு முடிச்சு. யாழ்ப்பாணம் பெரியகடையில் பழைய சாமான் விற்ற முஸ்லிம் நானா ஒருவரிடம் என் தகப்பன், அப்பு, எனக்கு வாங்கி வந்த சப்பாத்துச் சோடியில், வலது காலுக்குக் கறுப்பு நாடாவும் இடது காலுக்கு இந்த மண்ணிற நாடாவும் இருந்தன. அளவு பார்க்க ஒருதரம் போட்டு இறுக்கியபோதே மண்ணிறம் அறுந்துவிட்டது. அப்பு அறுந்த நுனிகளைச் சேர்த்து, கிழிந்த வலையைப் பொத்தும்போது போடுகிற முடிச்சைப் போட்டார். அந்த முடிச்சு இழுத்தால் அவிழாது, இறுகும். எங்கள் கரையில் தொழில் செய்கிறவர்களைத் தவிர வேறு யாரும் அப்படி முடிந்து நான் கண்டதில்லை. அதனால்தான் எத்தனை வருடம் கழித்து எந்த ஊரில் கண்டாலும் அந்த நாடாவை என்னால் அடையாளம் சொல்ல முடியும்.

அதைப் பற்றி எழுதுவதென்றால் சட்டம்பியாரைப் பற்றித்தான் எழுதவேண்டும். எங்கள் கரை கொழும்புத்துறைப் பக்கம். அவருடைய ஊர் உள்ளே, புகையிலைத் தோட்டங்களின் நடுவே. இளைப்பாறிய வாத்தியார் என்பதால் பெயர் சொல்லாமல் சட்டம்பியார் என்றே எல்லோரும் சொன்னார்கள். அந்த ஊர் வாசிகசாலையின் விளையாட்டுக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். சனிக்கிழமைகளில் சின்னப் பெடியன்களுக்குப் பந்து பழக்குவார். வருடத்துக்கு ஒருமுறை அயல் ஊர்ப் பெடியன்களையும் கூப்பிட்டுச் சுற்றுப்போட்டி வைப்பார். வெள்ளை வேட்டி, மடித்த சால்வை, கழுத்தில் விசில். பெடியன்களை வரிசையில் நிறுத்தி, இந்த வருஷம் என்ன செய்யப்போகிறாய் என்று ஒவ்வொருவனிடமும் கேட்டுக் கொப்பியில் எழுதுவார். சொன்னதைச் செய்தவனின் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார். அந்தக் காலத்தில் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்ட வேறொரு மனிசனை நான் அறியேன். அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும். அவரை வெறுக்கிறவன் அவருடைய நல்லதை மறைத்தால் வெறுப்புக்கு மரியாதை இல்லாமல் போய்விடும்.

எங்கள் கரையிலிருந்து முதன்முதல் ஒரு பெடியன்கள் அணி அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. நாங்களும் வரிசையில் நின்றோம். என் முறை வந்ததும், கப்பை எடுத்துக்கொண்டு போவோம் ஐயா என்றேன். கொப்பியில் பதித்த பேனையை எடுத்து மூடினார்.

"அதைப் பிறகு பாப்பம்."

எங்கள் அணியில் ஒருவனுடைய இலக்கையும் அவர் எழுதவில்லை.

போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது அப்புவும் நானும் போட்டி நேரம் பார்க்க அங்கே போனோம். வாசிகசாலைப் பலகையில் புதிதாக ஒரு கடதாசி குத்தியிருந்தது. "என்ன மோனை எழுதியிருக்கு?" என்று அப்பு கேட்டார். நான் வாசித்தேன். சப்பாத்து அணியாத வீரர்கள் மைதானத்தினுள் இறங்க அனுமதிக்கப்படமாட்டார்கள். கீழே சட்டம்பியாரின் கையெழுத்து. அதற்கு முதல் வருடம்வரை பாதிப் பெடியன்கள் வெறுங்காலோடுதான் அந்த மைதானத்தில் ஓடியவர்கள். அப்பு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "திருப்பி வாசி" என்றார். திருப்பி வாசித்தேன். எங்கள் வீட்டில் எழுத்து வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்புவுக்கு நான் வாசித்துக் காட்டிய முதல் கடதாசி அதுதான்.

ஒரு கிழமைக்குள் எங்கள் கரைத் தகப்பன்மார் பதினொரு சோடி சப்பாத்துச் சேர்த்தார்கள். எங்கே எப்படி என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பொலிஸ்காரனின் சப்பாத்தும் இருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளையின் சப்பாத்தும் இருந்தது. என்னுடையது இரண்டு அளவு பெரிது. முன்பக்கத்தில் தேங்காய்த் தும்பை அடைத்தோம். அதன் பிறகு நாங்கள் செய்த பிழையை எங்களைப் போன்ற ஆட்கள்தான் செய்வார்கள். அந்தச் சப்பாத்துகளை யாரும் தொடவில்லை. அம்மா என்னுடையதைத் துடைத்துத் துணியில் சுற்றிச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தாள். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். ஊத்தை படக்கூடாது, தேயக்கூடாது. நாங்கள் கிழமை முழுதும் வெறுங்காலோடு சேற்றில் பழகிவிட்டு, போட்டியன்று மைதானத்து எல்லைக் கோட்டில் குந்தியிருந்து முதன்முதலாகச் சப்பாத்துப் போட்டோம்.

மற்றதைச் சொல்லத் தேவையில்லை. கால்விரலால் சேற்றைப் பிடித்து ஓடிப் பழகிய பெடியன்கள், மரக்கட்டை கட்டியதுபோல் நடந்தோம். வாங்கிய கோல்களை எண்ணுவதை நாங்களே விட்டுவிட்டோம். கடைசியில் ஒரு பந்து எனக்கு முன்னால் வந்தது. கோல் காப்பாளன் கூட இடத்தில் இல்லை. ஓங்கி உதைத்தேன். சப்பாத்துக் கழன்று கோலுக்குள் போய் விழுந்தது. பந்து நின்ற இடத்திலேயே நின்றது. நான் மல்லாந்து கிடந்தேன். சனம் சிரித்தது. அதெல்லாம் பறுவாயில்லை. சிரிப்பு அடங்குகிற நேரத்தில், எல்லைக் கோட்டில் நின்ற சட்டம்பியார் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது, எனக்குப் பின்னால் நின்ற அப்புவுக்கும் கேட்டது.

"மீனுக்குச் சப்பாத்துப் போட்டால் வேறை என்ன செய்யும்?"

அப்பு உள்ளே போய் அந்தச் சப்பாத்தை எடுத்துவந்தார். மற்றதையும் என் காலிலிருந்து கழற்றினார். இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு பஸ் நிற்பாட்டும் இடம்வரை எனக்கு முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பந்தாட்டமும் பார்க்கவில்லை.

நான் படித்தேன். சோதனை பாஸ் பண்ணினேன். பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைக்காமல், கரையிலேயே மீன்பிடிச் சங்கத்தில் எழுத்துவேலைக்குச் சேர்ந்தேன். இதற்கிடையில் அப்பு போய்விட்டார். சப்பாத்துகள் உக்கிப்போயின. அந்த மண்ணிற நாடாவை மட்டும் உருவி வைத்திருந்தேன். சட்டம்பியாரை அடிக்கவோ ஏசவோ நான் ஒருநாளும் நினைக்கவில்லை. நான் நினைத்தது வேறு. அவருடைய கடதாசியை அவருடைய வாயாலேயே, சனத்துக்கு முன்னால், அவருக்கு நட்டம் வருகிற ஒரு நேரத்தில் சத்தமாக வாசிக்க வைக்கவேண்டும். என்னை வாசிக்க வைத்த மாதிரி. இருபத்துமூன்று வயதில் கரைப் பெடியன்களைச் சேர்த்துப் பந்து பழக்கத் தொடங்கியபோது, பிள்ளைகளை முன்னேற்றப் போகிறேன் என்று சங்கக் கூட்டத்தில் கதைத்தேன். அது பொய்யில்லை. ஆனால் அது இரண்டாவது காரணம்.

சட்டம்பியாரிடமிருந்து எடுத்த கொப்பிப் பழக்கத்தை நான் மாற்றினேன். எங்கள் பெடியன்கள் பலருக்குக் கொப்பி என்றாலே பள்ளிக்கூடத்து அடி. ஆகவே துணி. வற்றுநேரம் கடல் விட்டுப்போகிற ஈரத்தரையில், வலை கட்டுகிற கம்புகளால் கோல் நட்டிருந்தோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் உடுப்பிலிருந்து ஒரு துண்டு கிழித்து, ஒரு இலக்கைச் சொல்லி, கம்பில் கட்டவேண்டும். தகப்பன்மாரின் தொழிலே சந்திரனைப் பார்த்துத்தான் என்பதால் தவணையும் பறுவத்துக்குப் பறுவம், முழுநிலவுக்கு முழுநிலவு. கண்ணால் காணக்கூடிய இலக்காக இருக்கவேண்டும். திறமாக விளையாடுவேன் என்றால் ஏற்கமாட்டேன். இடது காலால் பத்துத்தரம் தென்னையில் அடிப்பேன் என்றால் ஏற்பேன். பறுவத்தன்று பின்னேரம் எல்லோரும் கூடுவோம். செய்தவன் தன் துணியை அவிழ்ப்பான். செய்யாதவன் ஏன் முடியவில்லை என்று சொல்லவேண்டும். ஆனால் ஒருவரையும் குற்றம் சொல்லக்கூடாது. அந்த விதியைப் பற்றி எனக்கு அப்போது நல்ல பெருமை இருந்தது.

தாய்மார் வந்து ஏசினார்கள். கிழிபடாத களிசான் ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். ஆனாலும் கோல் கம்பு கோயில் மரம் மாதிரி நிறைந்தது. ஒருவன் கீழே விழுந்தால் அழமாட்டேன் என்று கட்டினான். மூன்று பறுவம் அவன் துணி அவிழவில்லை. என் மருமகன், அக்காவின் மகன், கோலுக்கு நிற்பவன். பந்து வரும்போது இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு பாய்வான். பிடித்தும் விடுவான், அதுதான் பகிடி. கண்ணைத் திறந்துகொண்டு பிடிப்பேன் என்பது அவனுடைய இலக்கு.

"கண்ணை மூடியே பிடிக்கிறியே, பிறகென்னத்துக்கடா?" என்று மற்றவன்கள் கேட்டார்கள்.

"எப்பிடிப் பிடிக்கிறன் எண்டு எனக்குத் தெரியவேணுமெல்லே" என்றான்.

மேல்கம்பில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில், நான் நாடாவைக் கட்டினேன். அண்ணை, உது எதுக்கு என்று கேட்டார்கள். உச்சியில் கட்டினதை எதற்கென்று கேட்கப்படாது என்றேன். அதுவும் ஒரு விதியாகிவிட்டது.

சப்பாத்துகளைச் சாமிப் படத்துக்குக் கீழே வைக்கிற பிழை இந்தமுறை நடக்கவில்லை. ஆறு சோடிதான் இருந்தது. ஒரு சோடியை இரண்டு பேருக்குப் பிரித்தேன். ஒருவனுக்கு வலது, மற்றவனுக்கு இடது, அடுத்த நாள் மாற்றி. ஒற்றைச் சப்பாத்தோடு சேற்றில் ஓடுகிற பெடியன்களைப் பார்த்துக் கரையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பதினொரு சோடி சேர்ந்த நாளில் அவர்களுக்குச் சப்பாத்து, கால் மாதிரி ஆகியிருந்தது.

மிளகாயும் வெங்காயமும் விலை ஏறித் தோட்டக்காரருக்குக் கையில் காசு புழங்கிய காலம் அது. சட்டம்பியாரின் மைதானத்துக்குக் கம்பி வேலி வந்திருந்தது. ஆள் கிழண்டிருந்தார், ஆனால் விசில் அதே கழுத்தில். அதே கடதாசியை வருடாவருடம் புதிதாக எழுதிக் குத்திக்கொண்டிருந்தார். யாரும் கவனிப்பதில்லை. எங்கள் பெடியன்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். எதிரே சட்டம்பியாரின் ஊர். அந்த அணியில் பன்னிரண்டு வயதில் ஒருவன் இருந்தான். தோட்டங்களில் கூலிக்குப் புகையிலை நடுகிறவர்களின் பிள்ளை, மெல்லிய ஆள். முந்திய ஆட்டங்களில் அவன் அடித்த பந்தை ஒருவரும் மறிக்கவில்லை. மருமகன் அதைப் பார்த்துவிட்டு வந்து, கம்பில் கட்டிய தன் துணியின் இலக்கைக் கூட்டிக்கொண்டான். அவன்ரை அடியைக் கண்ணைத் திறந்துகொண்டு பிடிப்பன், மாமா, என்றான்.

இறுதி ஆட்டத்தன்று காலையிலேயே நாடாவை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். செய்துமுடிக்க முதல் அவிழ்க்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான்தான்.

ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அந்தப் பெடியனின் வலது சப்பாத்தின் அடி, முன்னுக்கிருந்து குதிவரை வாய் பிளந்தது. கயிறு சுற்றிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. மேலதிகமாக நின்றவனின் சப்பாத்து அவன் காலுக்கு ஏறவில்லை, வேறு சோடி அங்கே இல்லை. சட்டம்பியார் விளையாட்டாகக் கையை அசைத்தார்.

"சின்னப் பெடியன்தானே. வெறுங்காலோடை இறங்கட்டும்."

நான் பத்து வருடம் காத்திருந்த நேரம் நடந்து வந்து எனக்கு முன்னால் நின்றது. பலகைக்குப் போனேன். கடதாசியைக் கழற்றினேன். மைதானத்தின் நடுவுக்கு நடந்துபோய் அவருடைய கையில் கொடுத்தேன்.

"வாசியுங்கோ ஐயா. எல்லாருக்கும் கேக்க."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். குரல் நடுங்கும், முகம் கறுக்கும் என்று நான் எத்தனையோ தரம் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவர் வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய இடம் கொடுத்து, வடிவாக வாசித்தார். மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். "சட்டம் சட்டம்தான். வெளியிலை வா தம்பி" என்று அந்தப் பெடியனைக் கூப்பிட்டார். பெடியன் மேற்சட்டையைக் கழற்றி, பதிலுக்கு இறங்கியவனிடம் கொடுத்துவிட்டு, மேலில் ஒன்றுமில்லாமல் எல்லைக் கோட்டில் நின்றான். இரண்டு வெறுங்காலும் எனக்குத் தெரிந்தன. பாவம் என்று நான் நினைத்ததாக எழுத ஆசைதான். நினைக்கவில்லை. அப்பு இதைப் பார்க்க இல்லையே என்றுதான் நினைத்தேன்.

ஒரு கோலால் வென்றோம். மருமகனுக்கு வேலையே இருக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் சட்டம்பியார் தானாகவே என்னிடம் வந்தார். பக்கத்தில் அந்தப் பெடியன்.

"நீ அந்தக் கரைப் பெடியனெல்லே? சப்பாத்துக் கழண்டு கோலுக்குள்ளை போனது?"

"ஓம்."

"அண்டைக்குப் பலகையிலை நீ வாசிச்சதைக் கண்டனான். இண்டைக்குத்தான் அதைப் பாவிச்சிருக்கிறாய். நான் படிப்பிச்ச பெடியளிலை ஒருத்தனும் என்னட்டை இவ்வளவு வடிவாப் பாடம் எடுக்கேல்லை."

கையை நீட்டினார். அவருடைய முகத்தில் இருந்தது சந்தோசம். கள்ளமில்லாத சந்தோசம். தன் மாணவன் ஒருவன் சோதனையில் முதலாவதாக வந்த மாதிரி. நான் அந்தக் கையைப் பிடித்தேன். இதை எழுதும்போதும் என் வலது உள்ளங்கை எரிகிறது. ஏன் பிடித்தேன் என்று எத்தனையோ தரம் என்னைக் கேட்டிருக்கிறேன். வாழ்நாளில் என்னை முதன்முதல் கெட்டிக்காரன் என்று சொன்ன வாத்தியார் அவர்தான் என்பது தவிர வேறு பதில் இல்லை.

பிறகுதான் நாடா நினைவுக்கு வந்தது. இது உங்கடை சட்டத்திலை மிஞ்சினது, நீங்களே வைச்சிருங்கோ என்று சொல்லப் பாடமாக்கி வைத்திருந்தேன். சொல்லியும் விட்டேன். அவர் அதை வாங்கி, முடிச்சைத் தடவிப் பார்த்து, நல்ல முடிச்சு என்றார். பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார்.

"இந்தா, அடி தைச்சு எடுத்தால் கட்ட உதவும்."

பெடியன் வாங்கிக்கொண்டான். சட்டம்பியாரை அவன் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான். அந்தப் பார்வையை நான் ஒரு கண்ணாடியில் முன்பே கண்டிருக்கிறேன்.

அடுத்த பறுவத்தன்று பின்னேரம் கரையில் கப்பை நடுவில் வைத்துக்கொண்டு கூடினோம். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் துணியை அவிழ்த்தார்கள். விழுந்தால் அழுகிறவன்கூட அவிழ்த்தான். மருமகன் மட்டும் கம்புக்குப் பக்கத்தில் போகவில்லை.

"என்ரை துணி இருக்கட்டும், மாமா."

ஏன் முடியவில்லை என்று விதிப்படி கேட்டேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒருத்தரையும் குற்றம் சொல்லப்படாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அந்தத் துணி மழையிலும் வெயிலிலும் கிடந்து நூலாகிப் போகும்வரை அதே கம்பில் இருந்தது. நான் அதை ஒருநாளும் தொடவில்லை.

சட்டம்பியார் செத்து மூன்று வருடமாகிறது. செத்தவீட்டுக்குப் போனேன், முகத்தைப் பார்க்க. எனக்குக் கை தந்தபோது இருந்த அதே நிறைந்த முகம். கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் அதைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

போன மாதம் அந்த ஊரிலிருந்து கடிதம் வந்தது. நின்றுபோன பெடியன்கள் சுற்றுப்போட்டியை மறுபடி தொடங்குகிறோம், உங்கள் கரையும் வரவேண்டும் என்று. மைதானம் பார்க்க மருமகனும் நானும் போனோம். அவனுக்கு இப்போது இருபது வயது. சின்னப் பெடியன்கள் பந்து பழகிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பு முழுதும் துணித்துண்டுகள். என்னுடைய வழி எனக்கு முன்னால் அந்த ஊருக்குப் போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேல்கம்பில் மண்ணிறமாக ஒன்று காற்றில் ஆடியது. வெயிலில் வெளிறிப் போயிருந்தாலும் நடுவில் அந்த முடிச்சு அப்படியே இருந்தது.

நான் பார்ப்பதைக் கண்டு ஒரு பெடியன் பக்கத்தில் வந்தான். "அது எங்கடை அண்ணையின்ரை. எதுக்கெண்டு கேக்கப்படாது" என்றான்.

அந்த அண்ணை, அன்று எல்லைக் கோட்டில் வெளியே நின்ற அதே பெடியன், மைதானத்தைக் கடந்து வந்தான். உயர்ந்திருந்தான். வெறுங்கால். வாங்கோ மாஸ்டர் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, இருக்கக் கதிரை கொண்டுவரச் சொல்லட்டோ என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு கடதாசியை எடுத்துத் தந்தான்.

"போட்டிச் சட்டம். சத்தமா வாசியுங்கோ மாஸ்டர், பெடியளும் கேக்கட்டும்."

பெடியன்கள் சுற்றி வந்து நின்றார்கள். வாசித்தேன். சப்பாத்து அணிந்த வீரர்கள் மைதானத்தினுள் இறங்க அனுமதிக்கப்படமாட்டார்கள். செயலாளர் என்று கீழே கையெழுத்து. பழைய கடதாசியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றியிருந்தான். கீழே குனிந்து பார்த்தேன். இறுகிய செம்மண், இடையிடையே நெருஞ்சி. எங்கள் கரைப் பெடியன்களுக்குச் சப்பாத்து இல்லாமல் இப்போது ஓடத் தெரியாது. நான்தான் அப்படி ஆக்கினேன். உள்ளங்கால் எல்லாம் பஞ்சு. போட்டிக்கு ஒரு கிழமை இருந்தது.

"திருப்பி வாசியுங்கோ மாமா" என்றான் மருமகன். அவன் குரலில் கோபம் இல்லை. எட்டு வருடமாகக் காத்திருந்த ஒன்று வந்ததுபோல இருந்தது. திருப்பி வாசித்தேன்.

அப்போதுதான் எனக்குள் வந்தது என்னவென்று எனக்கே புரிந்தது. பயமில்லை, ஆத்திரமில்லை. எவ்வளவு வடிவாகச் செய்திருக்கிறான் என்ற சந்தோசம். கள்ளமில்லாத சந்தோசம். என் வலது கை தானாக அவனை நோக்கி நீண்டது.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிடிக்கவில்லை. பெடியன்களைப் பார்த்து விசில் ஊதினான். அவர்கள் ஓடிப்போனார்கள். நீட்டிய கையோடு நான் நிமிர்ந்து மேல்கம்பைப் பார்த்தேன். நாடாவைக் காற்று இழுத்துக்கொண்டிருந்தது.